பாடும் வாய் உள்ளவரை

(கொல்கத்தாவில் ரவீந்திரர் பிறந்தநாளையொட்டித் தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வரும் வழியில் லேக் மார்க்கெட்டில் ஐந்து நிமிடம் நின்றேன். வாழையிலைக் கட்டும் மல்லிகைச் சரமும் அப்போதுதான் அரைத்த காப்பித்தூள் வாசனையுமாக, மாம்பலத்தில் நிற்பது போலவே இருந்தது. அங்கிருந்து ஆட்டோவில் ஏறினேன். அடுத்த முனையில் சிக்னல் சிவப்பானது. கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் தாகூர் பாட்டு ஒன்று ஒலித்தது. ஆட்டோக்காரர் கைப்பிடியில் விரலால் தாளம் தட்டிக்கொண்டு கூடவே முணுமுணுத்தார். விளக்கு பச்சையானதும் ஒலிபெருக்கி பின்னால் போய்விட்டது. பாட்டு மட்டும் அவர் வாயில் அடுத்த தெரு வரைக்கும் வந்தது.

சாலைச் சிக்னல்களில் ரவீந்திர சங்கீதம் ஒலிக்கட்டும் என்று ஏற்பாடு செய்தது அரசாங்கம். ஆனால் அந்த ஆட்டோக்காரர் வாய்க்குப் பாட்டைக் கொண்டுவந்து சேர்த்தது எந்த அரசாங்கமும் இல்லை. அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இந்த ஊர் ஆண்டுதோறும் எடுக்கும் ஒரு விழாவை வைத்துக்கொண்டு அதைப் பேசப் போகிறேன்.

விழாவின் பெயரே அதன் தேதிதான்: 'பொசிஷே பொய்ஷாக்', வைசாகம் 25. வங்காள ஆண்டு 1268இல் அந்த நாளில், ஆங்கிலக் கணக்கில் 1861 மே 7 அன்று, ஜோராசாங்கோ மாளிகையில் ரவீந்திரநாத் தாகூர் பிறந்தார். வங்காளத்து வைசாகமும் நம் சித்திரையும் ஏறக்குறைய ஒரே நாளில் பிறக்கிற மாதங்கள். ஆகவே இது நம் கணக்கில் சித்திரை 25ஐ ஒட்டி வரும். அக்கினி நட்சத்திரத்தில் ஊரே வெந்துகொண்டிருக்கும் நாள். அந்த வெயிலுக்கு முந்திக்கொண்டு விடியற்காலையிலேயே விழா தொடங்கிவிடும். அன்றிலிருந்து இரண்டு வாரம் கவிபட்சம் என்று பெயர். தெருவுக்குத் தெரு மேடை. மேடை இல்லாத தெருவில் யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடி.

ஒரு முறை நான் அந்த விடியலில் ஜோராசாங்கோவுக்குப் போனேன். பழைய சித்பூர் சாலைக்கு இன்று ரவீந்திர சரணி என்று பெயர். அங்கிருந்து துவாரகாநாத் தாகூர் சந்துக்குள் திரும்பினால் சிவப்பு மாளிகை. இப்போது ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. கவிஞர் பிறந்ததும் அந்த வீட்டில்தான், 1941 ஆகஸ்ட் 7 அன்று உயிர் பிரிந்ததும் அந்த வீட்டில்தான். முற்றத்தில் அரிசிமாவுக் கோலம். அவர்கள் ஆல்பனா என்கிறார்கள். கோலத்தின் நடுவே கவிஞரின் படம், அதற்குச் சம்பங்கி மாலை. சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் பெண்கள், தலையில் பூ. கூட்டம் நிறைய இருந்தும் இரைச்சல் இல்லை.

என் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா நின்றார். கையில் காலண்டர் தாளில் அட்டை போட்ட பழைய நோட்டு. மேடையில் பாடத் தொடங்கியதும் அவர் நோட்டைப் பிரித்தார். ஆனால் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார். திறந்திருந்த பக்கத்தை நான்தான் பார்த்தேன். மையில் எழுதிய பாட்டு வரிகள். ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலில் சுரங்கள். சில இடங்களில் பென்சில் மங்கி, பிறகு யாரோ பேனாவால் திரும்ப எழுதியிருந்தார்கள்.

பாட்டு முடிந்ததும் கேட்டேன். "மாஷிமா, இது உங்கள் கையெழுத்தா?"

"பாட்டு என் அம்மா எழுதினது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோவில் சொல்லிக்கொடுப்பார்கள், கேட்டுக் கேட்டு எழுதினாள். பேனாவால் எழுதினது நான். இப்போது பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றார்.

அந்த அம்மா சொன்னது பங்கஜ் மல்லிக் நடத்திய இசைப்பாடம். கல்கத்தா வானொலியில் 1929இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடந்தது. வானொலிக்கு எதிரே நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்த ஆயிரம் ஆயிரம் வீடுகளில் ஒன்றின் நோட்டைத்தான் நான் பார்த்தேன். மூன்று தலைமுறையின் கை பட்ட நோட்டு. நண்பர்களே, விழா முற்றத்தில் நடக்கிறது என்று நினைத்துப் போனவன், விழா அந்த நோட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்பினேன்.

இந்த விழாவுக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1887ஆம் ஆண்டு. கவிஞருக்கு அன்று 26 வயது முடிகிறது. பார்க் ஸ்ட்ரீட்டில் 49ஆம் எண் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய சகோதரி ஸ்வர்ணகுமாரி தேவியின் மகள் சரளா, பதினைந்து வயதைத் தொடாத பெண், விடியற்காலையில் சத்தமில்லாமல் அந்த அறைக்குள் போகிறாள். வீட்டு மகிழம்பூவைத் தன் கையாலேயே தொடுத்த மாலை ஒன்று, கடையில் வாங்கிய மல்லிகை மாலை ஒன்று, ஒரு ஜோடி வேட்டி, மேல்துண்டு. எல்லாவற்றையும் மாமாவின் காலடியில் வைத்து வணங்கி அவரை எழுப்புகிறாள். அதுவரை அந்த வீட்டில் யாரும் ரவி மாமாவின் பிறந்தநாளைக் கொண்டாடியதில்லை என்று பின்னாளில் சரளா தேவி தன்வரலாற்றில் எழுதினார். இன்று லட்சக்கணக்கான பேர் கூடும் விழாவின் முதல் நாள் அது. வந்தவர் ஒருவர், கொண்டுவந்தது இரண்டு முழம் பூ.

இந்தச் சரளா தேவியைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அவர் நம் ஊர்ப் பக்கம் வரப்போகிறார்.

ஒரு வீட்டுப் பாட்டு எப்போது ஊர்ப் பாட்டானது? 1905இல் என்பேன். அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று கர்சன் பிரபுவின் ஆணைப்படி வங்காளம் இரண்டானது. அன்றைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம், ஒருவர் கையில் ஒருவர் ராக்கி கட்டுவோம் என்று அறைகூவல் எழுந்தது. ரவீந்திரர் வீட்டாரோடும் அண்டை அயலாரோடும் தெருவில் இறங்கி நடந்தார். அன்றைக்கென்று எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டே கங்கைக் கரைக்குப் போனார். வழியில் கண்டவர் கையிலெல்லாம் கயிறு கட்டினார். சித்பூர் மசூதிக்குள் போய் அங்கிருந்த முஸ்லிம் பெரியவர்கள் கையிலும் கட்டினார். உடன் நடந்த உறவினர், ஓவியர் அவனீந்திரநாத் இதை விவரமாகச் சொல்லியிருக்கிறார். அன்று தெருவில் பிறந்த பாட்டைத்தான் மேற்கு வங்க அரசு 2023இல் மாநிலப் பாடலாக்கியது.

அதே ஆண்டில், கிராமத்துத் தபால்காரராக இருந்த ககன் ஹர்கரா என்ற பாவுல் பாடகரின் மெட்டில் ரவீந்திரர் இன்னொரு பாட்டு எழுதினார். எல்லைக்கு அப்பால் கிழக்குப் பாகிஸ்தானில் 1967இல் வானொலியில் தாகூர் பாட்டுக்குத் தடை வந்தது. தடையை மீறி மக்கள் பாடினார்கள். சில ஆண்டுகளில் வங்கதேசம் பிறந்தது. ககன் ஹர்கராவின் மெட்டில் எழுதிய அந்தப் பாட்டே புதிய நாட்டின் தேசியகீதமானது. வானொலியை நிறுத்த முடிந்தவர்களால் வாயை நிறுத்த முடியவில்லை.

இனி கொஞ்சம் தொழில் நுணுக்கம். தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லமாட்டேன். பாட்டுக் கற்றவர்கள் உங்களில்தான் அதிகம், உங்களுக்குத்தான் இது சுலபமாகப் புரியும்.

ரவீந்திரர் இரண்டாயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதினார். மெட்டு மனத்தில் உதித்த வேகத்திலேயே மறந்தும் போகிற சுபாவம் அவருக்கு. பாட்டு வந்த உடனே 'தினுவைக் கூப்பிடு' என்று ஆள் அனுப்புவார். தினு என்கிற தினேந்திரநாத், மூத்த அண்ணனின் பேரன். அவர் வந்து ஒரு தடவை கேட்டுக்கொண்டு சுரப்படுத்தி எழுதிவைப்பார். நூற்றுக்கணக்கான பாட்டுகள் இப்படித்தான் தப்பின. தன் பாட்டுகளுக்கெல்லாம் அவர்தான் பொக்கிஷதாரர் என்று கவிஞர் ஒரு நாடகத்தின் காணிக்கையிலேயே சொல்லிவிட்டார்.

அந்தச் சுரங்களை எழுதும் முறைக்கு 'ஆகார மாத்திரை' என்று பெயர். கவிஞரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் சீர்செய்து பரப்பிய முறை. வங்காள எழுத்தில் ஆகாரத்துக்கு ஒரு கால் உண்டு, நம் துணைக்கால் மாதிரி. சுர எழுத்தோடு அந்தக் கால் ஒன்று சேர்ந்தால் ஒரு மாத்திரை என்பது கணக்கு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று திண்ணைப் பள்ளியிலேயே மாத்திரை எண்ணக் கற்ற நமக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் எவரும் சில மாதப் பழக்கத்தில் சுரமும் படிக்கலாம். ஸ்வரபிதான் என்ற பெயரில் அறுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அந்தச் சுரக்குறிப்புகள் இன்று புத்தகக் கடையில் கிடைக்கின்றன. வித்துவானிடம் ஆண்டுக்கணக்கில் குருகுலவாசம் செய்ய முடியாத வீட்டுப் பெண்ணுக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் பாட்டின் கதவைத் திறந்துவைத்தது இந்த எளிய கணக்குத்தான்.

சொல்லும் அதே அக்கறையோடு காக்கப்பட்டது. பாட்டுகளின் சொல் வடிவம் எல்லாம் சேர்ந்த பெருநூல் கீதபிதான், 1931இல் வெளிவரத் தொடங்கியது. பிறகு கவிஞரே அதைப் புதிதாக வரிசைப்படுத்தினார். வழிபாடு, காதல், இயற்கை, தாய்நாடு என்று பொருள்வாரியாகப் பிரித்தார். வழிபாட்டில் மட்டும் 617 பாட்டுகள். மெட்டுத் தெரியாதவரும் கவிதையாகவே படித்துப்போகட்டும் என்பது அவர் எண்ணம். ஆக, வங்காளி வீட்டு அலமாரியில் ஒரு தட்டில் கீதபிதான், பக்கத்தில் ஸ்வரபிதான். இயலும் இசையும் பிரியாமல் குடித்தனம் நடத்துகிற வீடு.

இந்த ஊர் கொண்ட பிடிவாதங்களையும் சொல்லத்தான் வேண்டும். பாட்டைக் காக்கிறோம் என்று கதவை இறுக்கிச் சாத்திய காலமும் உண்டு. கவிஞர் நிறுவிய விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் இசைக் குழு அனுமதித்தால்தான் இசைத்தட்டு வெளிவர முடியும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. தேவவிரத பிஸ்வாஸ் மக்கள் உயிராய் நேசித்த பாடகர். வாத்தியங்களை அளவுமீறிச் சேர்க்கிறார், பாடும் முறை சரியில்லை என்று 1960களில் அவர்மேல் ஆட்சேபம் எழுந்தது. மனம் நொந்து ஒரு கட்டத்தில் இசைத்தட்டில் பாடுவதையே விட்டார். விலக்கப்பட்டவனின் அடைபட்ட இசை என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலும் எழுதினார். காப்புரிமை 1991இலேயே முடிந்திருக்க வேண்டும். சட்டத்தைத் திருத்திப் பத்து ஆண்டு நீட்டினார்கள். 2001 முடிவில்தான் பாட்டு எல்லோருக்கும் பொதுவானது.

ஆர்மோனியத்தின் கதையும் இப்படித்தான். கவிஞருக்கு அந்தக் கருவி பிடிக்காது, அவர் பள்ளி நடத்திய சாந்திநிகேதனத்தில் எஸ்ராஜ் என்னும் நரம்புக் கருவிதான். நம் பாரதியும் ஆர்மோனியத்தைக் கண்டித்து எழுதியவர். அகில இந்திய வானொலியில் 1940 முதல் 1971 வரை அதற்குத் தடையே இருந்தது. இருந்தும் ரவீந்திரரின் பாட்டைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த ஆர்மோனியப் பெட்டிதான். கவிபட்சத்தில் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் டாக்சியின் பின் இருக்கையில் துணி போர்த்திய பெட்டி ஒன்று மடியில் குழந்தை மாதிரி போய்க்கொண்டிருக்கும். ஆசானின் விருப்பத்தை மீறியும் மக்கள் ஆசானைக் காத்தார்கள். அன்பு சில சமயம் அப்படித்தான் வேலை செய்யும்.

இப்போது சரளா தேவியிடம் திரும்புவோம். மாமாவுக்குப் பூக்கொண்டு போன அந்தப் பெண் வளர்ந்து, மைசூரில் மகாராணி பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். அங்கே கேட்ட பாட்டுகளைப் பூக்கூடை நிரப்புவதுபோல் நிரப்பிக்கொண்டு வந்ததாகவும், அதை ரவி மாமாவின் காலடியில் கவிழ்க்கும் வரை மனம் ஆறவில்லை என்றும் எழுதியிருக்கிறார். மாமா ஒவ்வொரு மெட்டாக எடுத்து அதில் தன் சொல்லை வைத்தார். 1887இல் மகிழம்பூ கொண்டுபோன அதே கைதான் தென்னாட்டுச் சுரத்தையும் கொண்டுபோயிருக்கிறது.

இன்னொரு தென்னாட்டுப் பெண்ணும் உண்டு. சாந்திநிகேதனத்தில் மாணவியாக இருந்த சாவித்திரி கோவிந்தன். அவர் பாடக் கேட்டு ரவீந்திரர் சில பாட்டுகள் அமைத்தார். அவர் பாடியவற்றில் ஒன்று முத்துசுவாமி தீட்சிதரின் 'மீனாக்ஷி மே முதம்'. நம் சபைகளில் பூர்விகல்யாணி என்று காதுக்குப் பழகிய ராகம். மதுரை மீனாட்சி மேல் எழுந்த அந்தக் கிருதியின் மெட்டில் கவிஞர் வசந்தத்தை அழைத்து ஒரு பாட்டு எழுதினார். மீனாட்சி வங்காளத்துக்கு வந்து இளவேனில் ஆனாள்! பிற மெட்டில் பிறந்த பாட்டை இந்த ஊரில் 'பாங்கா கான்' என்பார்கள், உடைத்துச் செய்த பாட்டு என்று அர்த்தம். எனக்கென்னவோ அது உடைத்ததாகத் தோன்றவில்லை. ஒட்டுமாங்கன்று மாதிரி. வேர் காவிரிக் கரையில், காய் கங்கைக் கரையில்.

நண்பர்களே, இவ்வளவும் சொன்னது வங்காளத்தைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோவதற்கு இல்லை. நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

பாட்டைக் காப்பது எப்படி என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்து அவர்களுக்கு நெல் அளந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஏட்டில் இருக்கிறது, போதும் என்று அவன் நினைக்கவில்லை. பாடுகிற வாய்க்குச் சோறு போட்டான். முத்தமிழ் என்று இயலோடு இசையைச் சேர்த்தே எண்ணியவர்கள் நாம். தமிழில் பாடுங்கள் என்று கேட்டு ஒரு பேரியக்கமே நடத்தி 1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்டவர்கள்.

பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். தன் பாட்டுகள் பலவற்றுக்கு ராகம், தாளம் தானே குறித்தார். சிலவற்றுக்குச் சுரமும் தந்தார். சங்கீத விஷயம் என்ற கட்டுரையில், அர்த்தமும் பாவமும் இல்லாமல் அதே கீர்த்தனங்களைத் திரும்பத் திரும்பப் பாடுவதைப் பார்த்து மனம் கொதித்தார். அவரே கணீரென்று பாடக்கூடியவர் என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருக்கு எல்லாம் இருந்தது. கூப்பிட்ட குரலுக்கு நோட்டோடு ஓடிவர ஒரு தினேந்திரர் மட்டும் இல்லை. 39 வயது நிறையும் முன்னே, 1921இல் போய்விட்டார். பெரும்பாலான மெட்டுகள் அவரோடு போயின. பிறகு வந்த இசைவாணர்கள் புது மெட்டுப் போட்டுப் பாடினார்கள். சுதந்திரம் பிறந்த வேளையில் சென்னை வானொலியில் டி.கே. பட்டம்மாள் பாரதியைப் பாடியதை நம் பாட்டிமார் மறக்கவில்லை. உரிமை விஷயத்தில் நாம் வங்காளத்துக்கு முன்னோடி. 1949இல் சென்னை அரசு பாரதியின் படைப்புரிமையை வாங்கியது, பிறகு மக்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்தாக்கியது. அவர்கள் ஐம்பது ஆண்டு பிந்திச் செய்ததை நாம் முந்திச் செய்தோம்.

கதவைத் திறந்துவைத்தோம், சரி. உள்ளே போய்ப் பாடினோமா? இதை நான் குற்றமாகக் கேட்கவில்லை, ஏக்கத்தோடு கேட்கிறேன். பாரதி விழா என்றால் நாம் மேடையில் பேசுகிறோம். இதோ நானும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். பாட்டு வந்தால் அதைத் தொழில்முறைப் பாடகர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கைதட்டுகிறோம். ஜோராசாங்கோ முற்றத்தில் கைதட்டல் எனக்குக் கேட்ட நினைவில்லை. கைதட்ட வேண்டியவர்கள் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, வீட்டுக்கு ஒரு நோட்டு. மாதம் ஒரு தமிழ்ப் பாட்டை அதில் கையால் எழுதி, தெரிந்தவரைக் கேட்டு மேலே சுரம் குறித்துக்கொள்ளுங்கள். பாரதி, தேவாரம், அருணாசலக் கவிராயர், பாரதிதாசன், யாராக இருந்தாலும் சரி. ஓராண்டில் பன்னிரண்டு பாட்டு. பத்து வயதில் தொடங்கும் குழந்தைக்கு இருபது வயதில் நூற்று இருபது பாட்டு வாயில் இருக்கும்.

இரண்டாவது, பாரதி பிறந்த டிசம்பர் 11 விடியற்காலையில் கூடுங்கள். ஏரிக்கரை இருக்கிறது, மொட்டைமாடி இருக்கிறது. தலைவர் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். சுருதி விலகினால் விலகட்டும், பத்துப் பேர் சேர்ந்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது, அந்த விடியலுக்குப் பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்தையும் அழையுங்கள். ரவீந்திரரைப் போற்றிப் பாரதி எழுதினார், அவருடைய கதைகளைத் தமிழாக்கினார். இந்த ஊரிலேயே வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி வங்க நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து தந்தார். அந்த வழி ஒருவழிப் பாதையாக நின்றுவிடக் கூடாது. அவர்கள் மீனாட்சியின் மெட்டில் வசந்தத்தைப் பாடட்டும், நீங்கள் மூலத்தைப் பாடுங்கள். அடுத்ததாகப் பாரதியை எடுங்கள். இரண்டு வீட்டுக் குழந்தைகளும் இரண்டையும் கற்றுக்கொண்டுவிடும்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1835, தீபாவளி நாள். முத்துசுவாமி தீட்சிதர் உயிர் பிரியும் நேரத்தில் சீடர்களை அழைத்து, தான் மீனாட்சி மேல் இயற்றிய அந்தக் கிருதியையே பாடச் சொன்னார் என்றும், அது காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே கண் மூடினார் என்றும் இசை மரபில் சொல்வார்கள். அது நடந்த ஊர் எட்டயபுரம். தீட்சிதரின் சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. 47 ஆண்டுகள் கழித்து, 1882 டிசம்பர் 11 அன்று, அதே ஊரில் பாரதி பிறந்தார். எட்டயபுரத்தில் ஒரு மகான் கேட்டபடியே கண்மூடிய பாட்டு, ஒரு மாணவியின் குரலில் சாந்திநிகேதனம் போய், ஒரு மகாகவியின் சொல் ஏறி, இந்த ஊர் மக்களின் பாட்டாக வாழ்கிறது. அதைப் பாடும் பலருக்கு எட்டயபுரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியும்.

தெரிந்த நாம் சும்மா இருக்கலாமா? வருகிற டிசம்பர் 11 விடியலில் நானும் ஒரு நோட்டோடு வருகிறேன். முதல் பக்கத்தில் பாட்டு எழுதியாகிவிட்டது. சுரம் பென்சிலில் இருக்கிறது. மங்கினால் பேனாவால் எழுத என் வீட்டில் ஒரு பேத்தி இருக்கிறாள்.